முதல் கட்டம் காலி

ஜூன் 17, திங்கள்

கோயம்புத்தூர் டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கல்லூரியில் ஆண்டுதோறும் கொடுக்கிற தடித்த டைரி ஜனவரியிலிருந்து தொடாமல் கிடந்தது. அதில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட வேண்டுமாம். முதல் கட்டம் 'முன்': குழந்தை அப்படி நடந்துகொள்வதற்கு முன் என்ன நடந்தது. இரண்டாவது 'நிகழ்ச்சி'. மூன்றாவது 'பின்'. இருபத்தெட்டு ஆண்டு கணிதம் கற்பித்தவனுக்கு அட்டவணை போடக் கற்றுத் தருகிறார். எனக்கு மகன் இருந்தால் அவர் வயது இருக்கும்.

டாக்டர் படிக்கப்போகிறார் என்பதால் விவரங்கள். நான் செங்கோட்டுவேலன், வயது ஐம்பத்து மூன்று, கரூரில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் இணைப் பேராசிரியர். முதல்வராகியிருக்க வேண்டியவன். என்னைவிட ஆறு ஆண்டு இளைய கதிர்வேல் ஆனான். மனைவி பூங்கொடி, தபால் அலுவலகத்தில் எழுத்தர். பெண் மோனிஷா, எட்டரை வயது, நான்காம் வகுப்பு. போன ஆண்டு பிப்ரவரியில் முறைப்படி தத்தெடுத்தோம். அதற்கு முன் தருமபுரிப் பக்கம் ஓர் இல்லத்தில் நான்கு ஆண்டு இருந்தாள். பூங்கொடியை அம்மா என்பாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "கேக்கறாங்க", "போன் அடிக்குது" என்று காற்றைப் பார்த்துச் சொல்வாள்.

நிகழ்ச்சி: சனிக்கிழமை. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட்டாள். "பாப்பா பேரு என்ன?" என்று அவர் கேட்டதும் அவருடைய மருந்துச் சீட்டுக் கட்டின்மேல் எச்சில் துப்பினாள்.

பின்: டாக்டர் சிரித்தார். நான் கைக்குட்டையால் துடைத்தேன்.

முன்: ஒன்றுமில்லை. எங்கே கிளம்பினாலும் எடுத்து வருகிற நீலப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காகத்தான் வந்தாள்.

ஜூன் 18

காலையில் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்து, உள்ளே பல்லி செத்துக்கிடக்கிறது என்றான்.

மோனிஷா என் ஷூவைத் துடைத்து வாசலில் வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். பள்ளிக்குப் போகும்போது என் பக்கம் திரும்பிக் கையசைத்தாள். டாக்டருடைய மருந்து வேலை செய்கிறது என்றேன்.

"மாத்திரை இன்னும் வாங்கவே இல்லீங்க," என்றாள் பூங்கொடி.

ஜூன் 21

நிகழ்ச்சி: எறும்பு வரிசை ஒன்று மோனிஷாவின் மேசைக்கு ஏறியது. பென்சில் டப்பாவுக்குள் இரண்டு இட்லி, மூன்று நாள் பழையது. தலையணை உறைக்குள் வெல்லம். நான் சத்தம் போட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்: அலமாரியை ஒழித்துத் துடைத்தோம்.

முன்: தெரியாது. வந்த நாளிலிருந்து இப்படித்தான். சாப்பாட்டுக்குக் குறை வைத்த வீடா இது?

ஜூன் 23, ஞாயிறு

மச்சான் போன் செய்தார். பூங்கொடியின் அண்ணன். போன ஆண்டு மோனிஷாவுக்குக் காதுகுத்து வைத்தபோது தாய்மாமன் மடியில் உட்கார்த்த வேண்டும் என்று நானே நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தேன். "எந்த ஊரு, என்ன சாதின்னு தெரியாத புள்ளைக்கு நான் எப்படி மாப்ள தாய்மாமன் ஆவேன்?" என்று தாம்பூலத்தை என் பக்கமே தள்ளினார். கடைசியில் மண்டபமும் இல்லை, மடியும் இல்லை. ஆசாரி கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துக் குத்தினோம். அன்றிலிருந்து பேசவில்லை. டாக்டரிடம் போன சேதி எப்படியோ தெரிந்து இன்று அழைத்திருக்கிறார்.

"நான் அப்பவே சொன்னேன்ல மாப்ள?"

வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவரிடம் சொல்லியிருக்க வேண்டியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மதியம்வரை வந்துகொண்டே இருந்தன.

ஜூலை 1

விடைத்தாள் திருத்தம். மோனிஷா அமைதி. எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 6, சனி

திருச்சி. குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர் என்று பூங்கொடியின் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். ஐம்பது வயது அம்மையார், நல்ல முகம். அறை முழுக்கப் பொம்மைகள், சின்னதாக ஒரு பொம்மை வீடு, மணல் தட்டு. மோனிஷா நீலப் பையுடன் கதவருகே நின்றாள்.

"எவ்வளவு அழகா இருக்கு இந்தப் புள்ள! அம்மா அப்பா வெளியில இருக்கட்டும் தங்கம். நீ எங்கூட இருக்கியா? பாரு, எவ்வளவு பொம்மை!"

இதைவிட இதமாக ஒருவர் பேச முடியாது. மோனிஷா நேரே நடந்துபோய் அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வரவில்லை, எல்லாப் பற்களும் பதிந்திருந்தன.

பிறகு அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம் பேசினார். இரண்டு காகிதங்களில் என்னென்னவோ கோடிட்டார். "அந்தப் பையை எப்பலேருந்து இப்படிக் கூடவே வச்சிருக்கா?"

"மே மாசத்துலருந்து," என்றாள் பூங்கொடி.

"மே மாசம் என்ன?"

"பள்ளி விடுமுறை," என்றேன்.

முன்: ஒன்றுமில்லை.

திரும்பும்போது குளித்தலையில் டீ குடிக்க நிறுத்தினோம். மோனிஷா போண்டா தின்றுகொண்டே கேட்டாள்: "அந்தம்மாவுக்குப் புள்ள இல்லையாம்மா?"

"இருக்கும். ஏஞ்சாமி?"

"சும்மா."

கடித்து வைத்துவிட்டுக் குடும்பத்தை விசாரிக்கிறாள்.

ஜூலை 8

நேற்றும் இன்றும் தங்கமான பிள்ளை. கொடியிலிருந்து துணி எடுத்து மடித்தாள். என் சட்டைகளை நிறம்வாரியாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொரு முறையும் இப்படித்தான். அங்கே போய் என் மானத்தை வாங்குவாள், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பணிவிடை செய்வாள். இதை எந்த டாக்டரிடம் சொன்னாலும் நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பார்.

ஜூலை 13

திருச்சி அம்மையார் இனி பார்க்க இயலாது என்று தகவல் அனுப்பிவிட்டார். இது தனிப் பயிற்சி பெற்றவர்கள் பார்க்க வேண்டியதாம். அப்படி யார் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஜூலை 20, சனி

சேலம். நரம்பியலும் சேர்த்துப் பார்க்கிறவர் என்று கேள்விப்பட்டு.

நாமக்கல் தாண்டிச் சுங்கச்சாவடி வந்தது. வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு லாரிகள். ஒரு வாடை. திரும்பிப் பார்த்தால் சீட்டு நனைந்திருக்கிறது. எட்டரை வயது. அழவில்லை, அசையவில்லை, இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பூங்கொடி அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் முன் கண்ணாடியைத் துடைத்தேன்.

ஓரம் நிறுத்தி உடை மாற்றினோம். மாற்றுடை அந்தப் பைக்குள்ளேயே இருந்தது. இரண்டு கவுன், உள்ளாடை, பல் துலக்கும் பிரஷ், வகுப்புப் புகைப்படம், பாலிதீனில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு. காலில் ஒரு ஜோடி இருக்கும்போது பையில் எதற்கு இன்னொன்று?

சேலம் டாக்டர் அறையில் சுவர்க் காலண்டரை இழுத்துக் கிழித்தாள். அவர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் ஒரு பெயர் சொல்லியிருந்தார். திருச்சியில் இன்னொன்று. மூன்று பேர் ஒரே கணக்கைப் போட்டு மூன்று விடை சொன்னால் நான் மூவருக்கும் பூஜ்யம் போடுவேன்.

திரும்பும்போது சுங்கச்சாவடி வேண்டாம் என்று பூங்கொடி சொன்னாள். கிராமத்துச் சாலைகள் வழியாகச் சுற்றி வந்தோம். ஒரு மணி நேரம் கூடுதல். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 27

இந்த வாரம் போனில் பேசியவர்கள்:

ஒரு பேச்சுப் பயிற்சி நிலையம். குழந்தை நன்றாகப் பேசுகிறாள் என்றேன். "அப்ப எங்ககிட்ட ஏன் சார் வர்றீங்க?"

ஓர் ஆலோசனை மையம். தத்துக் குழந்தை என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விஷயம் பாப்பாவுக்குத் தெரியுங்களா சார்?" என்றார். ஏழு வயதில் வந்தவளுக்கு, தான் வந்தது தெரியாமல் இருக்குமா அம்மா என்றேன். "அதுவும் சரிதான்" என்றுவிட்டு, யோகா வகுப்பு இருக்கிறது என்றார்.

சென்னையில் ஒருவர் இருக்கிறாராம். நவம்பரில்தான் நேரம் கிடைக்கும்.

பெற்ற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தெருவுக்கு ஒரு டாக்டர். இவளுக்கு என்ன என்று கேட்க ஆறு மாவட்டத்தில் ஆள் இல்லை. எங்கள் வீட்டுக்கு இவளைக் கொடுத்தவர்கள் நாற்பது கையெழுத்து வாங்கினார்கள். இப்படி நடந்தால் என்ன செய்வது என்று ஒரு தாள் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 3

கதிர்வேல் தன் அறைக்கு அழைத்தான். முதல்வர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "என்ன சார், இளைச்சுட்டீங்க? பாப்பாவாலயா?" என்றான். எனக்கு இரங்குகிறானாம். அவன் மனைவியின் தம்பி வக்கீல். முடியாதவர்கள் அதிகாரிகளிடம் எழுதிக் கொடுத்தால், பரிசீலித்துக் குழந்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி உண்டாம்.

"அதுல ஒண்ணும் தப்பு இல்ல சார். எல்லாருக்கும் எல்லாம் ஒத்து வராது."

எனக்கு எது ஒத்து வராது என்று அவன் சொல்கிறான். எழுந்து வந்துவிட்டேன். ஆனால் வக்கீலின் எண் எழுதிய சீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்தது. துணி துவைக்கும்போது பூங்கொடி கண்ணில் படாமல் எடுத்து வைத்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இந்தப் பக்கங்களை டாக்டருக்குக் காட்டப்போவதில்லை.

விண்ணப்பம் எழுதினேன். ஏழு வரி. 'இயலாமையை மிகுந்த வருத்தத்துடன்' என்பதா, 'மிகுந்த வருத்தத்துடன் இயலாமையை' என்பதா என்று நான்கு முறை மாற்றினேன். பூங்கொடி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மோனிஷா வந்து மேசையருகே நின்றாள்.

"என்ன எழுதறீங்க?"

"காலேஜ் கடிதம்."

"பென்சில் மொட்டையா இருக்கு."

எடுத்துக்கொண்டு போய்ச் சீவிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பென்சில்களையும். சீவிய தூளைக் கையில் ஏந்தி வெளியே கொட்டினாள்.

கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன். 22ஆம் தேதி ஷர்மிளா வரும்போது கொடுத்துவிட வேண்டும். தத்தெடுத்த குடும்பங்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்து எழுதுகிற சமூகப் பணியாளர். முப்பது வயது இருக்காது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட், அஞ்சல் வழியில் படித்த பட்டம். மோனிஷாவை இல்லத்திலிருந்து எங்களிடம் அழைத்து வந்ததும் அவர்தான். முன்பு இரண்டு முறை வந்தபோதும், "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்றேன். உண்மையைச் சொன்னால் எங்களைத் தகுதி இல்லாதவர்கள் என்று எழுதிவிடுவார்கள் என்று பயம். முந்தின நாளே மோனிஷாவுக்குப் புதுக் கவுன் வாங்கி, பாட்டுச் சொல்லப் பழக்கி, தலையணை உறையைச் சோதித்து வைப்போம். ஆய்வுக் குழு வரும்போது கல்லூரிக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. எல்லாக் கட்டத்திலும் 'நன்று' விழுந்தது.

ஆகஸ்ட் 15

கொடியேற்றம். கதிர்வேல் அரை மணி நேரம் பேசினான். மோனிஷா பள்ளியில் கொடுத்த மிட்டாயைப் பாதி தின்றுவிட்டு, பாதியை எனக்குத் தந்தாள். வாங்கிக்கொண்டேன். இழுப்பறையில் வைத்தேன், கடிதத்தின் பக்கத்தில்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஷர்மிளாவின் வண்டி வாசலில் நின்றதை மோனிஷா ஜன்னல் வழியே பார்த்தாள். பூங்கொடி டீத்தட்டை எடுத்து வந்தபோது ஓடி வந்து அதை உதைத்தாள். ஒரு டம்ளர் ஷர்மிளாவின் காலடியில், இரண்டு என் மார்பில். குளியலறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டு வாளியைச் சுவரில் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"சுட்டுருச்சுங்களா சார்?"

"இதுதான் மேடம் எங்க வாழ்க்கை. எழுதிக்குங்க," என்றேன்.

அவர் எழுதவில்லை. வாளிச் சத்தத்தைச் சற்று நேரம் கேட்டார். "போன தடவை எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டுச்சுங்க சார். 'அக்கா ஒக்காருங்க'ன்னு சொல்லிப் பாட்டுப் பாடுச்சு."

"அது நாங்க பழக்கினது."

இரண்டு முறையும் சொன்னது பொய் என்று அப்போதுதான் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. கோபமாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "பல வீட்டுல அப்படித்தானுங்க சார் சொல்றாங்க," என்றார்.

ஆதாரம் காட்டுவதற்காக இந்த டைரியை எடுத்துக் கொடுத்தேன், ஜூன், ஜூலைப் பக்கங்களை மட்டும். நிதானமாகப் புரட்டினார். முப்பது வயதுப் பெண் என் எழுத்தைத் திருத்துவதுபோல் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"முதல் கட்டம் எல்லாம் காலியா இருக்குங்களே சார்."

"ஒன்றும் நடக்கவில்லை. அதனால் காலி."

"மே மாசம் என்ன நடந்துச்சுங்க?"

பூங்கொடி எழுந்து உள்ளே போனாள்.

"பள்ளி விடுமுறை," என்றேன்.

அவர் டைரியை மூடிக் கொடுத்தார். "ஒண்ணு செய்வோங்க சார். பாப்பாவை இனிமே எந்த டாக்டர்கிட்டயும் இப்போதைக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாம். நீங்க ரெண்டு பேர் மட்டும் ஆபீசுக்கு வாங்க."

"நோயாளி அவள். நாங்கள் எதற்கு?"

"யாரு நோயாளின்னு நான் சொல்லலீங்க. எனக்கு இதுல பெரிய படிப்பும் இல்லீங்க சார். மதுரையில ஒரு மேடம் இருக்காங்க. அவங்ககிட்ட போன்ல கேட்டுக் கேட்டுத்தான் செய்வேன். சரியா வருமான்னு சத்தியமாத் தெரியாது. ஆனா வாங்க."

இத்தனை மாதத்தில் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.

அவர் போன பிறகு கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். டீயில் ஊறி, மடிப்பில் கிழிந்திருந்தது. மறுபடி எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மோனிஷா மாடி வீட்டு ரமணி டீச்சரிடம் கோலம் பழகப் போயிருந்தாள். பூங்கொடி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்.

"கார் என் பேருலதானுங்க இருக்கு."

"அதுக்கென்ன?"

"சுங்கச்சாவடியைத் தாண்டுனா மெசேஜ் எனக்குத்தான் வரும். மே பதினொண்ணு, சனிக்கிழமை. பதினொண்ணு நாப்பதுக்கு ஒண்ணு. பதினொண்ணு அம்பத்திரண்டுக்கு ஒண்ணு. நான் கவுண்டர்ல இருந்தேன். சாயங்காலம் வந்து கேட்டா, நாமக்கல் கோயிலுக்குப் போனோம்னீங்க. சுங்கச்சாவடி நாமக்கல் தாண்டி. பன்னெண்டு நிமிசத்துல அந்தப் பக்கம் எந்தக் கோயிலுங்க?"

கீழே விழுந்த ஒரு வெண்டைக்காயை எடுத்துத் தட்டில் போட்டேன்.

"சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு மூணு மாசமாப் பாத்துட்டிருக்கேன். டாக்டருக்கு டாக்டர் ஏறி எறங்குறீங்க. அவங்களுக்கெல்லாம் மார்க் போடுறீங்க."

"திரும்பி வந்துவிட்டேன் அல்லவா?"

"நீங்க திரும்புனது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு?"

நறுக்கிய வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். குழம்பில் உப்பு இல்லை. நான் சொல்லவில்லை.

செப்டம்பர் 2

கடிதத்தை மறுபடி எழுத உட்கார்ந்தேன். 'ஐயா' வரை எழுதினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். மாணவர்கள் கேக் வெட்டினார்களாம். நான் போகவில்லை.

நாலரை மணிக்கு ஷர்மிளா அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மோனிஷா பள்ளியிலிருந்து வந்து, நாங்கள் கிளம்பி நிற்பதைப் பார்த்ததும் நேரே போய் நீலப் பையை எடுத்து வந்தாள்.

"நீ வரவேண்டாம்," என்றேன். "ரமணி டீச்சர் வீட்டில் இரு. ஷர்மிளா அக்கா எங்களை மட்டும்தான் வரச் சொல்லியிருக்காங்க."

"உங்களையா?"

"ஆமா."

"அம்மாவையும்?"

"ஆமா."

வாசலில் சிறிது நேரம் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து பையைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். கவுன்கள், பிரஷ், புகைப்படம், செருப்பு. மே மாதத்துக்குப் பின் அந்தப் பை காலியாகி இன்றுதான் பார்க்கிறேன். உள்ளே ஓடினாள். என் துண்டு, பனியன், பூங்கொடியின் நைட்டி. மடித்து மடித்து வைத்து ஜிப்பை இழுத்து, என்னிடம் நீட்டினாள்.

"அம்மாவுது மேல இருக்கு. உங்களுது கீழ."

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். நான் பையை வாங்கினேன். மோனிஷா கையைக் காட்டி என்னைக் குனியச் சொன்னாள். காதருகே வந்து பேசினாள். இத்தனை நெருக்கத்தில் அவள் குரலை நான் கேட்டதில்லை.

"அங்க போயி நல்லாப் பேசாதீங்க. டேபிள்ல இருக்கறதைத் தள்ளி விட்டுருங்க. துப்புங்க. ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொன்னாங்கன்னா கடிச்சு வச்சுருங்க. அப்பத்தான் வேணாம்னு விடுவாங்க. வீட்டுக்கு வந்துரலாம்."

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 6

நேற்று நடந்ததை எழுதி முடிக்க வேண்டும்.

ஷர்மிளாவின் அறை சின்னது. இரும்பு மேசை, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், மேசைமேல் கோப்புகளும் ஒரு பேனாக் கூடும். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "வாங்க சார், வாங்கம்மா" என்றார். பாப்பா எப்படி இருக்கிறாள் என்றார். நான் கையை நீட்டிப் பேனாக் கூட்டைத் தள்ளிவிட்டேன். பிளாஸ்டிக், உடையவில்லை. பேனாக்கள் நாற்காலிக்கு அடியில் உருண்டன.

"என்னங்க!" என்று பூங்கொடி என் கையைப் பிடித்தாள்.

"ஏன் சார்?" என்று கேட்டார் ஷர்மிளா.

அப்போதுதான் சொல்ல ஆரம்பித்தேன். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். டைரியில் மே 11 பக்கம் காலியாகத்தான் இருந்தது. அதில் இன்று காலையில் மூன்று கட்டம் போட்டு எழுதியதை அப்படியே மறுபடி இங்கே எழுதுகிறேன்.

முன்: பத்து ஆண்டாக எண் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் எழுதிவந்தேன். யாரும் கேட்காத புத்தகம். பதவி கிடைக்காதவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது. அன்று காலை மூன்றாவது நோட்டில் பதினாறு பக்கங்கள் இல்லை. இட்லியைச் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைப்பதற்குக் கிழித்திருந்தாள். ஒவ்வொரு இட்லிக்கும் ஒரு பக்கம். நான் அவள் துணிகளை அந்த நீலப் பையில் திணித்தேன். 'எங்க இருந்து எடுத்தனோ அங்கயே கொண்டுபோய் விட்டுடறேன்' என்றேன். காரில் ஏற்றினேன்.

நிகழ்ச்சி: அவள் அழவில்லை. நாமக்கல் தாண்டும்வரை பேசவில்லை. சுங்கச்சாவடியைக் கடந்ததும், "செருப்புப் போடலை" என்றாள். வெறுங்காலுடன் இழுத்து வந்திருக்கிறேன். "அங்க செருப்பு இல்லாமப் போனா திட்டுவாங்க" என்றாள்.

பின்: திரும்பினேன். மனம் இளகித் திரும்பியதாகத்தான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். செருப்பு எடுக்கத்தான் திரும்பினேன். வீடு வந்து சேர்வதற்குள் கோபம் வடிந்துவிட்டது. காரை நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். இனிமேல் போகவேண்டாம் என்று அவளிடம் சொல்லவில்லை. அவள் எவ்வளவு நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

ஷர்மிளா கீழே குனிந்து பேனாக்களைப் பொறுக்கினார். பூங்கொடியும் பொறுக்கினாள். நான் அந்த ஏழு வரிக் கடிதத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தேன், டீக்கறையோடு. ஷர்மிளா படித்தார்.

"இதைக் குடுக்கறீங்களா சார்?"

"காட்டுகிறேன்."

மடித்து என்னிடமே கொடுத்தார். வியாழக்கிழமைதோறும் வரவேண்டும், மதுரை மேடம் போனில் பேசுவார் என்றார். இனி எங்கே கிளம்பினாலும் எங்கே, எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மோனிஷாவிடம் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். வேறு பெரிய மருந்து எதுவும் அவரிடம் இல்லை.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"தெரியலீங்க சார்."

"சரியாகுமா?"

"தெரியலீங்க."

வீட்டுக்கு வந்தபோது மோனிஷா மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். ரமணி டீச்சர், "நாலரைல இருந்து இங்கதான் உக்காந்திருக்கா. உள்ள கூப்பிட்டா வரமாட்டேங்கறா," என்றார்.

மோனிஷா என் கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"தள்ளி விட்டீங்களா?"

"விட்டேன்."

"என்னத்த?"

"பேனா வைக்கிற கூடு."

"துப்புனீங்களா?"

"இல்லை. அதுக்குள்ளயே வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

தலையாட்டிக்கொண்டாள். சரியாகச் செய்த மாணவனிடம் நான்கூட அப்படித் தலையாட்டியதில்லை. மே மாதம் சொல்லாமல் விட்டதை அப்போது சொன்னேன். "உன்னை எங்கயும் விடமாட்டேன். அன்னைக்கு நான் செஞ்சது தப்பு." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "பசிக்குது" என்று பூங்கொடியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. காலையில் நான் மண் பிள்ளையார் வாங்கக் கிளம்பினேன். "கடைத்தெருவுக்குப் போறேன். அரை மணி நேரத்துல வருவேன். எட்டே முக்காலுக்கு," என்று மோனிஷாவிடம் சொன்னேன். கூட்டத்தில் ஒன்பதாகிவிட்டது. கதவருகே நீலப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து நிமிடம் தாமதம்.

பையில் மறுபடியும் அவள் துணிகளை அடுக்கிவிட்டாள். கவுன்கள், பிரஷ், புகைப்படம், பாலிதீனில் சுற்றிய செருப்பு. பூங்கொடி தன் நைட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பனியனை மோனிஷாவே கொடியில் போட்டிருந்தாள்.

என் துண்டு அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது. நான் கேட்கவில்லை. இன்று வேறு துண்டால் துவட்டிக்கொண்டேன்.